மாதிரிப் பெயர்: துளசிமணி

என் தங்கை துளசிமணி உயிரோடு இருக்கிறாள் என்பதில் எந்த மெஷினுக்கும் சந்தேகம் இல்லை. அவள் நிஜம் என்பதை மட்டும்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றன.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவு மேசையில் அன்று மூன்றாவது முறையாக அவளுடைய பொது அடையாள எண்ணைத் தட்டினேன். பெயர் வந்தது. வயது ஐம்பத்தொன்று, சரி. ரத்த வகை, முகவரி, எல்லாம் சரி. 'பதிவு செய்' என்பதை அழுத்தினேன். திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி தோன்றியது.

"மாதிரி விவரம் சரியாக வந்தடைந்தது. நன்றி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரை வெறுமையாகி, அடுத்த நோயாளிக்காகக் காத்திருந்தது. திட்டினால்கூட மனசு ஆறும். நன்றி சொல்லி அனுப்பி வைத்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"உட்டுத் தொலைங்ணா, அது செவுடு" என்றாள் துளசிமணி. அவள் கபடி கோச். சிங்காநல்லூர்ப் பெண் பிள்ளைகள் இருபது பேரை மைதானத்தில் விரட்டி விரட்டி ஓட வைப்பவள். இரண்டு மாதமாகக் கால் வீங்கி, முகம் உப்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கிட்னியும் போய்விட்டன.

டாக்டர் நிலோஃபர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயது. அவருக்கும் எரிச்சல்தான், ஆனால் எங்கள் மேல் இல்லை.

"சார், நீங்க குடுக்கிற கிட்னி அவங்களுக்கு அழகாப் பொருந்துது. நான் நாளைக்கே ஆபரேஷன் பண்ணத் தயார். ஆனா தியேட்டர் ஒதுக்கறது, மயக்க மருந்து, ரத்தம், உறுப்புதான அனுமதி எல்லாம் ஏவலர் வழியாத்தான் போகணும். ஏவலருக்கு நோயாளின்னு ஒருத்தர் இருக்கணும் இல்லையா? அதுக்கு உங்க தங்கச்சி நோயாளியே இல்லை."

"கையால எழுதிப் பண்ணுங்களேன்."

"மருந்து பீரோவே ஏவலர் சொன்னாத்தான் சார் திறக்கும்."

ஏவலர்கள் மனிதர்கள் இல்லை, போன ஆடி மாதம் வந்த செயற்கை அறிவு நிரல்கள். அதற்கு முன்னால் ஒரு மெஷின் இன்னொரு மெஷினோடு பேச வேண்டுமென்றால் என்னைப் போல ஒரு ஆள் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும். இப்போது ஏவலர்களே வரையறைகளைப் படித்து, புரிந்துகொண்டு, தாங்களாகவே வேலையை முடித்துவிடுகின்றன. நாடே மெச்சியது. நானும் மெச்சினேன்.

"சூலூர் கிளினிக்ல பழைய டயாலிசிஸ் மெஷின் ஒண்ணு இருக்கிறதாலதான் இதுவரைக்கும் ஓடுது" என்றார் டாக்டர். "அதுக்கு ஃபில்டர் இனி பதினொண்ணுதான் மிச்சம். இவங்க பேர்ல புதுசா வரவழைக்க முடியாது. வாரத்துக்கு ரெண்டு. நீங்களே கணக்குப் போட்டுக்கங்க."

ஐந்தரை வாரம். ஆனால் என் மனசு அதில் நிற்கவில்லை. அந்தப் பச்சை வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாதிரி விவரம் என்ற சொல்லை எங்கே பார்த்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, ஹோப் காலேஜ் சிக்னலில் எனக்கு வியர்த்துவிட்டது. பார்த்தேனா? எழுதியதே நான்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிங்கிரி. மெஷின்கள் ஒன்றோடொன்று பேசும் சொற்களை முடிவு செய்கிற பொது இடைமுகப் பெயர்க் குழுவில் முப்பது வருடம் குப்பை கொட்டிப் போன வருடம் ஓய்வு பெற்றவன். அந்தக் குழுவின் பெயரிடல் கையேட்டைத் தொகுத்தவன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். பெயரைச் சுருக்கக் கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். வெளியிட்ட பெயரை எந்தக் காலத்திலும் திருத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவரை 'நோயாளி' என்பதா 'பயனாளி' என்பதா என்று முடிவு செய்யப் பதினொரு கூட்டம் போட்டோம். பத்தாவது கூட்டத்தில் ஒருவர் டீ டம்ளரை வீசினார். அது என் மேல்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து, உணவு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, வரையறையின் முதல் பக்கத்தைத் துளசிமணிக்குக் காட்டினேன். அவள் உப்பில்லாத இட்லியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னங்ணா?"

"ஆஸ்பத்திரி மெஷின் ரத்த வங்கி மெஷினோட பேசோணும்னா, எதை எந்தப் பேர்ல கேக்கோணும்னு ஒரு பட்டியல் வேணும் அம்மிணி. நீ ஒரு பேரு வெச்சு, அவன் ஒரு பேரு வெச்சா ஒண்ணுக்கொண்ணு புரியாது. அந்தப் பட்டியல்தான் வரையறை. படிக்கறவங்களுக்குப் புரியறதுக்காக, இப்படித்தான் நிரப்போணும்னு ஒரு மாதிரி ஆளைப் போட்டுக் காட்டுவோம். வங்கியில ஒரு பாரத்தைப் பூர்த்தி பண்ணிக் கண்ணாடிக்குள்ள ஒட்டி வெச்சிருப்பாங்களே, அப்படி."

அவள் திரையைப் பார்த்தாள். பெயர்: துளசிமணி. பாலினம்: பெண். அடையாள எண்: பன்னிரண்டு இலக்கம், அத்தனையும் அவளுடையது.

"இது நானுங்க."

"ஆமா."

"என்னைய எதுக்குங்ணா போட்டீங்க?"

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்குக் கோச் வேலை கிடைத்திருந்தது. மதியம் போனில் கத்திச் சொன்னாள். நான் அப்போது மாதிரிக்கு ஒரு எண் தேடிக்கொண்டிருந்தேன். சும்மா ஒன்று இரண்டு மூன்று என்று போட்டால் சரிபார்ப்பில் தேறாது. தேறுகிற எண்ணைக் கணக்குப் போட்டு எடுக்கச் சோம்பல். அவளுடைய ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், வேலை என்று எல்லா விண்ணப்பத்தையும் நிரப்பியவன் நான். என் எண்ணே எனக்கு மறந்துபோகும், அவளுடையது மறக்காது. சந்தோஷத்தில் போட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மகள் பெயர், காதலி பெயர், நாய்க்குட்டி பெயர் எல்லாம் ஏதாவது ஒரு மாதிரியில் இருக்கும்.

"சந்தோஷத்துல போட்டேன்" என்றேன்.

"சரி, போட்டா என்னங்? அதுக்கும் என்ற கிட்னிக்கும் என்ன?"

"விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்கு. மாதிரியாகத் தரப்பட்ட அடையாளம் எந்த நிஜ மனுஷரையும் குறிக்காது. வந்தா வாங்கிக்கோணும், நன்றி சொல்லோணும், தூக்கிப் போட்டுரோணும். முன்னாடி ஒருதரம் மாதிரி ஆளுக்கு நெசமாவே கோர்ட் நோட்டீஸ் போயிருச்சு. மறுபடி அப்படி ஆகக் கூடாதுன்னு போட்ட விதி. முன்னாடியெல்லாம் நிரல் எழுதறவங்க யாரும் அதை மதிக்கல. ஏவலருங்க மதிக்குதுக. ஒரு எழுத்து விடாம மதிக்குதுக."

"அந்த விதியை எழுதுன புண்ணியவான் யாருங்க?"

நான் மடிக்கணினியை மூடினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தாள். ஆடியிலிருந்து சிலிண்டர் வராதது, டவுன் பஸ் அவளுக்காக நிற்காதது, மாவட்டப் போட்டிக்குப் போன பட்டியலில் கோச் என்ற இடம் காலியாக இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணா?"

"இல்ல."

"கேட்டிருக்கோணும்ல?"

"கேட்டிருக்கோணும் அம்மிணி."

"போங்க, போய்ச் சரி பண்ணிட்டு வாங்க. உங்களால ஆனதுதானே? நீங்கதான் சரி பண்ணோணும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவினாசி ரோட்டில் எங்கள் பழைய அலுவலகத்தில், ஒன்பதாவது மாடியில் நின்றேன். இப்போது குழுவின் தலைவி எஸ்தர் ஜெபமலர். என்னோடு சேர்ந்து முப்பது வருடம் வேலை பார்த்தவர். முப்பது வருடமும் எனக்கு ஆகாதவர். நான் ஒரு விதி எழுதினால் அவர் அதற்கு நான்கு உட்பிரிவு எழுதுவார். சிரிக்க மாட்டார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தும் அந்த ஊர்ப் பேச்சின் ஈரம் துளிகூட ஒட்டாத ஆள் என்று நான் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறேன். முகத்துக்கு நேராகவும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மாதிரியை எடுத்திடுங்க மேடம்" என்றேன். "ஒரு வரி. டெலீட் பண்ணினா முடிஞ்சது."

"மாதிரி இல்லாத வரையறையை வெளியிட முடியாது சார். விதி அறுபத்தொண்ணு."

"எனக்கே விதி சொல்லித் தர்றீங்களா?"

"நீங்க எழுதினதைத்தான் சொல்றேன்."

"சரி. வேற எண் போடுங்க. மாதிரிக்குன்னே பின்னாடி ஆயிரம் எண் ஒதுக்கி வெச்சோமே?"

"ஏழு வருஷத்துக்கு முன்னால எண் பத்தலைன்னு அதையும் ஆளுங்களுக்குக் குடுத்திட்டாங்க. நாம ஆட்சேபிச்சோம். நீங்கதான் கடிதம் எழுதினீங்க."

எழுதினேன். பதில் வரவில்லை. "அப்படின்னா செத்துப்போனவங்க எண் போடுங்க."

"அது மூடின எண். ஏவலருங்க தினமும் காலைல மாதிரியை ஓட்டிப் பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்குது. மூடின எண் தேறாது. உயிரோட இருக்கிற ஆளோட எண்தான் தேறும்."

"என் தங்கச்சிக்குப் புது எண் குடுங்க."

"கைரேகை வெச்சா பழைய எண்ணுதான் வரும். ஒரு உடம்புக்கு ஒரு எண்."

"விதி பதினாலையே தூக்குங்க!"

"மனு போடணும். எல்லா மாநிலக் குழுவும் ஒத்துக்கணும். பதினெட்டு மாசம் ஆகும்."

எனக்கு வந்த கோபத்தில் மேசையைக் குத்திவிட்டேன். "உங்ககிட்ட மனுஷத்தனமே கிடையாதா? அங்க ஒருத்தி சாகக் கிடக்கறா, நீங்க விதியை ஒப்பிச்சுட்டு உக்காந்திருக்கீங்க!"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மாதிரி மாற்றும் படிவம். அதை வடிவமைத்ததும் நான்தான் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"புதுப் பதிப்பு போட என்னால முடியும். அதுக்கு வேற ஒருத்தர் எண் வேணும். அது வெளியானதும் உங்க தங்கச்சி விடுதலை. அன்னையிலேருந்து அந்த இன்னொருத்தர் மாதிரி. யார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நாளைக்கே வெளியிடறேன்."

"என் எண் போடறேன்" என்றேன் பேனாவை எடுத்து.

"கிட்னி குடுக்கிறது யாரு?"

பேனா நின்றுவிட்டது. நான் மாதிரியாகிவிட்டால் துளசிமணிக்கு நோயாளி அந்தஸ்து வரும், கிட்னி கொடுக்க ஆள் இருக்காது. ஒரு மாதிரியின் வயிற்றைக் கிழிக்க எந்த ஏவலரும் அனுமதிக்காது.

"வேற யாராவது பொருந்துவாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. எல்லாரையும் பாத்தாச்சு."

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, குறிப்பிட்ட எண். இன்னொன்று, குலுக்கல். எஸ்தர் மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு உதவாமல் வேடிக்கை பார்க்கிறார் என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

மனைவி சுகந்தியின் எண்ணை நினைத்தேன். அவளுக்குத் தினமும் பிரஷர் மாத்திரை வர வேண்டும். வராது. பையன் பெங்களூரில் இருக்கிறான், அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது, அப்பா என்ற இடம் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என் மாமரத்தில் ஆசிட் ஊற்றியவர், அவர் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கும் ஒரு நாள் நெஞ்சு வலி வரும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார், அது நன்றி சொல்லும். வேண்டாம். முகம் தெரிந்த யார் பெயரையும் எழுத என் கை வரவில்லை.

குலுக்கலில் டிக் போட்டேன். எட்டுக் கோடிப் பேரில் யாரோ ஒருவர். ஆரோக்கியமாக இருப்பார். இளவயதாக இருக்கும். சிலிண்டர் வராது, பஸ் நிற்காது, கொஞ்ச நாள் அல்லாடுவார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். நோய் சொல்லிவிட்டா வருகிறது? ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். நான் ரொம்பச் சின்ன மனிதன் என்று அந்த நிமிடம் உணர்ந்தேன். அதனாலேயே எஸ்தர் மேடம் மேல் கோபம் இரண்டு மடங்கானது.

"உங்களுக்குத் திருப்திதானே?" என்று படிவத்தை வீசாத குறையாகக் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் படித்தார். "எண்ணை எடுத்ததும் யாருன்னு சொல்லவா?"

"வேண்டாம்" என்றேன். ஓடாத குறையாக வெளியே வந்தேன்.

வீட்டில் துளசிமணி கேட்டாள். "எனக்குப் பதிலா யாரைப் போட்டீங்க?"

"யாருமில்ல. கம்ப்யூட்டரே ஒரு பேரை உண்டாக்கிக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

புதுப் பதிப்பு மறுநாள் காலை வெளியானது. எட்டரை மணிக்கு வாசலில் பெல் அடித்தது. சிலிண்டர். ஒன்றல்ல, நின்றுபோன எட்டு மாதத்துக்கும் சேர்த்து எட்டு. கேட்டுக்கு வெளியே வரிசையாக இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். துளசிமணி வாசல்படியில் உட்கார்ந்து, உருளைகளைப் பார்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் அவள் எண்ணைத் தட்டினேன். திரை, 'நோயாளி துளசிமணி, டாக்டர் நிலோஃபரைப் பார்க்கவும்' என்றது. அந்த 'நோயாளி' என்ற சொல்லுக்காக டீ டம்ளரால் அடிவாங்கியது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாளில் ஆபரேஷன் முடிந்தது. என் கிட்னி அவளுக்குள் போன அன்றே வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். "உங்களை மாதிரி இல்லீங்ணா, சுறுசுறுப்பா இருக்குது" என்றாள் மயக்கம் தெளிந்ததும்.

நான்காவது வாரம். நான் மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, போனில் பிள்ளைகளுக்குப் பயிற்சி சொல்லிவிட்டு வைத்தாள். வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்ணா. யாரு அந்த ஆளு?"

"சொன்னேனே, கம்ப்யூட்டர்..."

"பொய் சொன்னா உங்க காது செவக்கும். அன்னைக்கே செவந்துச்சு. அப்பக் கேட்டா எனக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருப்பேனோன்னு பயந்துட்டுக் கேக்கல. எனக்கும் உசுரு மேல ஆசை இருந்துச்சுங்க." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அந்த மனுசன் எங்க இருக்கார்னு பாருங்க. மருந்து மாத்திரைன்னா என்ற பேர்ல வாங்கிக் குடுக்கலாம். பஸ்ஸு நிக்கலீன்னா நாம ஆட்டோ புடிச்சு உடலாம். பாருங்கண்ணா."

நான் அத்தனை நாள் திறக்காமல் வைத்திருந்த மடிக்கணினியைத் திறந்தேன். வரையறை, புதுப் பதிப்பு, முதல் பக்கம். பெயர்: எஸ்தர் ஜெபமலர். பாலினம்: பெண். வயது: ஐம்பத்தெட்டு.

துளசிமணி எட்டிப் பார்த்தாள். "இது யாருங்ணா? தெரிஞ்சவங்களா?"

"ஆமா" என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தையல் இழுத்தது.

எஸ்தர் மேடத்தின் வீடு போத்தனூரில், ரயில்வே காலனி தாண்டி. முப்பது வருடத்தில் நான் அங்கே போனதில்லை. சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அவரே கதவைத் திறந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"உடம்பு எப்படி இருக்கு சார்? ஏன் அலையறீங்க இப்ப?" என்றார். "உள்ள வாங்க."

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?" என்று வாசலிலேயே கேட்டேன். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியவில்லை.

"உக்காருங்க முதல்ல."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். ஆபீஸ் கதவு அவரை உள்ளே விடுவதில்லை, அதனால் ஐந்து வாரமாக வீட்டில்தான் வேலை என்றார். கடைக்கு நடந்து போகிறாராம். பல் வலி ஒன்று வந்ததாம், பழைய ஆர்.எம்.பி. டாக்டர் ஒருவரைப் பிடித்துப் பிடுங்கிக்கொண்டாராம். எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பு வாசிப்பது போலச் சொன்னார்.

"நான் குலுக்கல்லதானே டிக் போட்டேன்?"

"போட்டீங்க. நானும் குலுக்கினேன். எண் வந்துச்சு. வெளியிடற பொத்தான்மேல விரல் வெச்சேன்."

"அப்பறம்?"

"சார், முதல் பதிப்புல கடைசிப் பக்கம் பாத்திருக்கீங்களா? எழுதினவர்னு உங்க பேர் இருக்கும். படிச்சுச் சரிபார்த்தவர்னு ஒரு பேர் இருக்கும்."

நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

"அது நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது பக்கத்தை என் மேசைல வெச்சிட்டுப் போனீங்க. எனக்கு ஊருக்கு ரயில். மாதிரியில இருக்கிற எண் நிஜ ஆளோடது இல்லையேன்னு பாக்க வேண்டியது என் வேலை. அது ஒண்ணுதான் என் வேலை. நான் படிக்கவே இல்லை. 'நன்றாக உள்ளது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு ஓடிட்டேன். நீங்க வந்து மேசையைக் குத்தினப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. சொல்ல வாய் வரலை. விதியை ஒப்பிச்சிட்டிருந்தேன்."

ரயில் ஒன்று போனது, அது போய் முடியும் வரை காத்திருந்தோம்.

"குலுக்கல்ல வந்தது யாரு?" என்று கேட்டேன். "நோயாளியா? குழந்தையா?"

"அதெல்லாம் இல்லை. சீர்காழிப் பக்கத்துல ஒருத்தர். முப்பத்தாறு வயசு. டைல்ஸ் ஒட்டுற வேலை. நோய் நொடி ஒண்ணும் கிடையாது. நீங்க நினைச்ச மாதிரியே ஆரோக்கியமான ஆளு."

"அப்பறம் ஏன் மேடம்?"

"இந்தத் தடவை படிச்சுட்டேன் சார்" என்றார். "பேரைப் படிச்சுட்டேன். அதுக்கப்பறம் அழுத்த முடியலை."

பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். கணேசமூர்த்தி, அப்பா பெயர் சிங்காரவேல். அன்று ஒன்பதாவது மாடியில் இதைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் மேடம் எழுந்து போய் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துவந்தார். விதி பதினான்கை நீக்கக் கோரும் மனு.

"பதிப்பு வெளியான அன்னைக்கு ராத்திரிதான் எழுதி முடிச்சேன். ஆனா தலைவி கையெழுத்து இருக்கணும். இப்ப நான் கையெழுத்துப் போட்டா அது மாதிரிக் கையெழுத்து, ஏவலர் வாங்கிக்கிட்டுத் தூக்கிப் போட்டிடும். எனக்குப் பதில் வேற தலைவரையும் போட மாட்டாங்க, நாற்காலி காலியாகலைல்ல? தொகுப்பாசிரியர் போட்டா செல்லும்னு நீங்கதான் ஒரு உட்பிரிவு எழுதியிருக்கீங்க. பதினெட்டு மாசம் ஆகும். ஆகட்டும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் என் கைமேல் கை வைத்துத் தடுத்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க" என்றார்.

பதினேழு பக்கம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கம் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு எண் தவறாக இருந்தது, காட்டினேன், திருத்தினார். மேலே படித்தேன்.